சேமாவுக்கு மூச்சு இல்லை

அம்பாரோ செபெதாவிடம் யாராவது "நீ என்ன வேலை பார்க்கறே?" என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் கேட்டவரின் முகத்தை அவள் ஒருமுறை முறைத்துப் பார்த்துக்கொள்வாள். அடுத்த கேள்வி என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். பொம்மைப் படம் எடுக்கிறேன் என்றதும் எதிரே இருக்கிற முகம் வெண்ணெய் மாதிரி உருகும். "அய்யோ, எவ்வளவு அழகான வேலை! குழந்தைங்களுக்கா?" அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டதும் அவளுக்குச் சுர்ரென்று உச்சிக்கு ஏறிவிடும். இந்த வயதிலேயே ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறேன் என்றால் அதற்கு இந்த ஒற்றைச் சொல்தான் காரணம் என்று டாக்டரிடமே சண்டை போட்டவள் அவள்.

ஒரு தடவை, சித்தி மகளின் குழந்தைக்கு ஞானஸ்நானம். விருந்துக்குக் கூப்பிட வந்த சித்தி, "உன் பொம்மைங்கள்ல ரெண்டு மூணு எடுத்துட்டு வாயேன்டி, பசங்க சந்தோஷமா விளையாடும்" என்றாள்.

"கொண்டாரேன் சித்தி. பெத்தவ ஒருத்தி கம்பியை மண்ணுல குத்திக் குத்திப் பொணம் தேடற பொம்மை ஒண்ணு இருக்கு. கேக் வெட்டறதுக்கு முன்னால காட்டட்டுமா, வெட்டினப்புறம் காட்டட்டுமா?"

சித்தி சிலுவைக் குறி போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டு விசேஷம் எதற்கும் அம்பாரோவுக்கு அழைப்பில்லை. தொல்லை விட்டது என்றாள் அவள்.

குவாதலஹாரா நகரத்தின் கிழக்குப் பக்கம், ஒப்லாத்தோஸ் பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். அப்பா டவுன் பஸ் டிரைவர். "இவ பொறந்தப்ப அழல, திட்டினா" என்று அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களோடு சண்டை, கோயிலில் பாதிரியாரோடு சண்டை. கல்லூரியில் சிற்பம் படிக்கப் போனாள், அங்கேயும் சண்டை. ஆனால் அந்தக் கைகள் இருக்கின்றனவே, அவை மட்டும் அவள் குணத்துக்குச் சம்பந்தமே இல்லாத கைகள். முட்டையின் உள்தோலைக் கிழிக்காமல் ஓட்டை மட்டும் உரித்தெடுக்கும் பொறுமை அவற்றுக்கு உண்டு.

இந்த ஊரில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை விட்டெறிந்தால் அது கிதார் தூக்கிக்கொண்டு போகிறவன் மேல் விழும், இல்லாவிட்டால் பொம்மைக்கு விரல் செய்துகொண்டிருக்கிறவன் மேல் விழும். அத்தனை ஸ்டுடியோக்கள். அம்பாரோ முதலில் ஒரு தயிர் விளம்பரத்தில் சேர்ந்தாள். ஸ்ட்ராபெரிப் பழம் ஒன்று இடுப்பை ஆட்டி ஆடவேண்டும். "ஸ்ட்ராபெரிக்கு ஏதுடா இடுப்பு?" என்று முதல் நாளே கேட்டாள். கேட்டுக்கொண்டே ஆட வைத்தாள். பத்து வருஷத்துக்கு மேல் பழங்களும் பிஸ்கட்டுகளும் சிரிக்கும் பற்பசைக் குழாய்களும் அவள் கையில் ஆடின. வயிறு நிறைந்தது, மனசுதான் புகைந்துகொண்டே இருந்தது.

அவளுக்கு ஒரு நம்பிக்கை. அதை யாரிடமும் விட்டுக்கொடுக்கமாட்டாள். நடிகை திரையில் அழுதால், "நல்லா அழறா பாரு" என்று ஜனங்கள் நடிகையை மெச்சுவார்கள். பொம்மை அழுதால் மெச்சுவதற்கு அங்கே ஆள் கிடையாது. அழுகை மட்டும்தான் இருக்கும், பார்க்கிறவன் அதை வாங்கிக்கொண்டுதான் ஆகவேண்டும், தப்பிக்க வழியில்லை. இப்படிப்பட்ட சமாச்சாரத்தைக் குழந்தைகளிடம் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் கையைத் துடைத்துக்கொள்கிறார்களே என்பதுதான் அவள் எரிச்சல்.

அதனால், கல்லூரியில் கூடப் படித்த நாச்சோ ஒருநாள் வந்து, "காணாமப் போன பையனைத் தேடற அம்மாவைப் பத்தி ஒரு முழுநீளப் படம் எடுக்கப்போறேன், பெரியவங்களுக்கு மட்டும், நீதான் பொம்மைகளை நகத்தணும்" என்றபோது, அவள் கையிலிருந்த பற்பசைக் குழாயை அப்படியே மேஜைமேல் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அந்தக் குழாய் பாதிச் சிரிப்போடு நின்றுபோனது.

இந்த நகரத்தில் அந்தக் கதைக்குப் பஞ்சமில்லை. ஊர் நடுவிலிருக்கும் ரவுண்டானாத் தூணில் காணாமற்போனவர்களின் முகங்களை ஒட்டி, மழையில் அவை ஊறிப்போக, மறுபடி ஒட்டி, கல் எது காகிதம் எது என்றே தெரியாது. அந்த முகங்களில் ஒன்று எஃப்ராயின். ஒர்க்ஷாப்பில் வேலை இருக்கிறது என்று யாரோ கூப்பிட, ஒரு செவ்வாய்க்கிழமை குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு போன பையன். திரும்பவில்லை. அவனுடைய அம்மா ரமோனா, பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே பழச்சாறு விற்கிறவள். நாச்சோ எழுதிய கதை அவளுடையதுதான். அவளைக் கேட்டுத்தான் எழுதினான்.

ரமோனா முதல்முறை ஸ்டுடியோவுக்கு வந்தபோது, அம்மா பொம்மையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது யாரு, நோயாளியா?" என்றாள்.

"இல்லம்மா, இதுதான் அம்மா. துக்கத்துல இருக்கா, அதான்..." என்று இழுத்தான் நாச்சோ.

"துக்கத்துல இருக்கறவ சாப்பிடமாட்டான்னு உனக்கு எவன் சொன்னான்? நாள் பூரா வெயில்ல தோண்டிட்டு வந்து நாங்க ஆளுக்கு ஆறு ரொட்டி உள்ளே தள்ளுவோம். சாப்பிடலேன்னா யாரு தோண்டறது, உங்கப்பனா? இடுப்பைக் கொஞ்சம் பெருசாக்குங்கடா."

அம்பாரோ வாய்விட்டுச் சிரித்தாள். அந்த நிமிஷமே இரண்டு பேருக்கும் ஒட்டிக்கொண்டது. அன்று சாயங்காலமே அம்மா பொம்மைக்கு இடுப்பு வந்துவிட்டது. பிறகு ஞாயிறுதோறும் அம்பாரோவும், ரமோனா மாதிரிப் பிள்ளையைத் தேடும் அம்மாக்களோடு ஊருக்கு வெளியே பொட்டல்காட்டுக்குப் போக ஆரம்பித்தாள். நீளமான இரும்புக் கம்பியைச் சுத்தியலால் மண்ணில் இறக்கி, உருவி, நுனியை மூக்குக்கு அருகில் கொண்டுபோய் மோந்து பார்ப்பார்கள். பிண நாற்றம் வந்தால் தோண்டவேண்டும். முதல் தடவை அம்பாரோ புதருக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தாள். ரமோனா தண்ணீர் பாட்டிலை நீட்டி, "பழகிடும் மகளே. பழகக்கூடாதுதான், ஆனா பழகிடும்" என்றாள்.

ஒருநாள் அப்படித் திரும்பி வரும்போது வேனில் வைத்து ரமோனா சொன்னாள்: "டிவிக்காரன் வந்தான், பேப்பர்காரன் வந்தான். எல்லாம் என் புள்ளை கதையை அவனவன் இஷ்டத்துக்கு வளைச்சுக்கிட்டுப் போனான். நீயும் அப்படிப் பண்ணுனே, உன் கையை ஒடிச்சுடுவேன்."

"உங்க கதையை எவனும் தொட விடமாட்டேம்மா. நான் இருக்கேன்" என்றாள் அம்பாரோ. அவள் லேசில் வாக்குக் கொடுக்கிற ஆள் இல்லை. கொடுத்தால் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவள்.

படம் வளர்ந்தது. கடைசிக் காட்சி ஒன்றுதான் பாக்கி. அம்மா சமையலறையில் சூப் வைக்கிறாள், இரண்டு கிண்ணத்தில் ஊற்றுகிறாள், கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒரு கிண்ணத்துக்கு முன்னால் உட்காருகிறாள். படம் முடிகிறது. இதற்காகச் சமையலறை ஒன்றைச் சோப்பு டப்பா முதல் கரிப்பிடித்துணி வரை கட்டி வைத்திருந்தார்கள். அப்போதுதான் செர்வேரா வந்து சேர்ந்தார்.

செர்வேராதான் படத்துக்குப் பணம் போட்ட கம்பெனியின் தலை. நல்ல கோட்டு, நல்ல வாசனை, யாரையும் கடிந்து பேசாத நாக்கு. அந்த நாக்குதான் ஆபத்து. எடுத்தவரைக்கும் போட்டுப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார், "பிரமாதம்" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கடைசியில பையன் வந்துடணும்."

யாருக்கும் புரியவில்லை. "எந்தப் பையன் சார்?" என்றாள் அம்பாரோ.

"சேமா." படத்தில் மகனுக்கு அந்தப் பெயர்தான். "கதவு திறந்தே இருக்கில்ல? அவன் உள்ளே வரட்டும். உக்காந்து சூப் குடிக்கட்டும். அவ்வளவுதான். படத்தை வாங்கறவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. பாருங்க, என்ன இருந்தாலும் இது பொம்மைப் படம். குடும்பத்தோட பார்ப்பாங்க. இவ்வளவு சோகத்தைக் காட்டிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு சின்ன நம்பிக்கையாவது கொடுக்க வேண்டாமா?"

"நம்பிக்கையா? இந்த ஊர்ல எந்தக் கதவு வழியா எவன் சார் திரும்பி வந்திருக்கான்? ரவுண்டானால போய்ப் பாருங்க. அத்தனை பேருக்கும் சூப் வச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருக்காங்க. வந்துட்டானா ஒருத்தன்? அந்த அம்மாங்க மூஞ்சில எப்படி முழிக்கறது?"

"உணர்ச்சிவசப்படாதீங்க அம்பாரோ. நிஜ மனுஷங்க நடிச்ச படம்னா நானே விட்டுடுவேன். இது..." என்று சுற்றிலும் கையைக் காட்டினார். "இது பொம்மைங்க."

அங்கே ஒரு சுத்தியல் கிடந்தது. அம்பாரோ அதைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை நாச்சோ பார்த்து, சுத்தியலை மெல்ல எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

செர்வேரா போனபிறகு அவள் நாச்சோவை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். "டேய், டைரக்டர்னு உன் பேரைத்தானேடா போடப்போறான்? வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை பேசினியா?"

"பேசி என்ன ஆகப்போவுது? முடியாதுன்னா படத்தைப் பெட்டியில போட்டுப் பூட்டிடுவான். நாம மறுபடி ஸ்ட்ராபெரிக்கு இடுப்பாட்டப் போகவேண்டியதுதான். நீ விலகிட்டா வேற ஒருத்தனை வச்சு எடுப்பான். அவன் சேமாவைச் சிரிக்க வச்சு, குதிக்க வச்சு, அம்மாவைக் கட்டிப்பிடிக்க வச்சு... வேணுமா உனக்கு அது?"

அவள் முற்றத்துச் சுவரை ஓங்கி உதைத்தாள். கால்தான் வலித்தது. நொண்டிக்கொண்டே நாலு நடை நடந்தவள், திடீரென்று நின்றாள்.

"சரி. நானே எடுக்கறேன். பையன் வருவான்."

அவள் குரல் அவ்வளவு இனிமையாக இருந்ததைக் கேட்டு நாச்சோவுக்குத்தான் பயம் வந்தது.

இந்த வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. பொம்மையை மயிரிழை நகர்த்தி ஒரு படம் பிடிக்கவேண்டும், மறுபடி மயிரிழை, மறுபடி ஒரு படம். திரையில் ஒரு வினாடி ஓட இருபத்துநாலு படம். பொம்மை நடக்கும்போதும் கையை வீசும்போதும் கவலையில்லை. அது சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் ஆபத்து. கொஞ்ச நேரம் அசைவில்லாமல் விட்டுவிட்டால், பார்க்கிறவனுக்கு என்ன ஏதென்று தெரியாமலே பொம்மைக்கு உயிர் போய்விட்டது என்று மனசுக்குப் பட்டுவிடும். அதனால் பொம்மையின் மார்புக்குள் சின்னத் திருகு ஒன்று வைத்திருப்பார்கள். சும்மா இருக்கும் நேரத்தில் அதைத் துளித்துளியாகத் திருப்பி மார்பை ஏற்றி இறக்குவார்கள். மூச்சு போடுவது என்று அதற்குப் பெயர். குவாதலஹாராவில் அம்பாரோ மாதிரி மூச்சு போட ஆள் கிடையாது. பற்பசைக் குழாய்க்கே மூச்சு போட்டவள்.

அந்தக் கடைசிக் காட்சியில் அவள் அம்மாவுக்கு மூச்சு போட்டாள். கிண்ணத்திலிருந்து ஆவி எழுந்தது. ஜன்னல் திரைக்குக்கூட ஓர் அசைவு கொடுத்தாள். சேமா கதவு வழியாக வந்தான், உட்கார்ந்தான், கரண்டியை எடுத்தான். வாய்வரை கொண்டுபோனான், இறக்கினான். கை ஓடியது, கழுத்து திரும்பியது. ஆனால் கரண்டிக்கும் கரண்டிக்கும் நடுவில் அவன் மார்பு ஏறவில்லை. இமை கொட்டவில்லை. அந்தத் திருகை அவள் தொடவே இல்லை.

நாள்கணக்கில் குனிந்து குனிந்து முதுகு ஒடிய எடுத்தாள். எடுக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு, "வந்துட்டான் பாரு உன் நம்பிக்கை. நல்லாக் கொண்டுபோ வீட்டுக்கு" என்று கறுவிக்கொண்டாள். வராத பையனை வரவழைக்கச் சொன்னான் அல்லவா, வந்திருக்கிறான். அம்மாவின் எதிரில் உட்கார்ந்திருப்பது உயிரில்லாதது என்று கண்ணுள்ளவனுக்குத் தெரியட்டும். அப்படித்தான் அவள் கணக்கு ஓடியது. அவளுக்கு அது பழிவாங்கியதாகவும் இருந்தது, வாக்கைக் காப்பாற்றியதாகவும் இருந்தது.

செர்வேரா பார்த்தார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார். "இதைத்தான் சொன்னேன்! அவன் எவ்வளவு அமைதியா உக்காந்திருக்கான் பாத்தீங்களா?" என்றார். அம்பாரோ பின்வரிசையில் உட்கார்ந்து, சிரிப்பை அடக்கக் கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டாள்.

படம் வெளியே போகுமுன் அம்மாக்களுக்குப் போட்டுக் காட்டவேண்டும் என்பது ஆரம்பத்திலேயே பேசிவைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோண்டப் போகாமல் எல்லோரும் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். மகனின் முகம் அச்சிட்ட சட்டையோடு ரமோனா முதல் வரிசை. அம்மா பொம்மை ரொட்டியை விழுங்கும் இடத்தில் அத்தனை பேரும் கைதட்டிச் சிரித்தார்கள். கடைசிக் காட்சி ஓடி முடிந்து விளக்கைப் போட்டார்கள். பின்னால் நின்ற அம்பாரோ, இப்போது அவர்கள் திரும்பித் தன்னைப் பார்ப்பார்கள், செர்வேராவின் பொய்யை அவள் என்ன செய்து வைத்திருக்கிறாள் என்று புரிந்துகொள்வார்கள் என்று காத்திருந்தாள்.

ரமோனா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "கடைசியில வர்றதை யாரு செஞ்சது?"

"நான்தாம்மா."

"அவன் மூச்சு விடல."

"ஆமாம்மா!" அம்பாரோவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பையன் வீட்டுக்கு வந்துட்டான்னு பொய் சொல்லச் சொன்னாங்க. நான் அந்தப் பொய்யை அவங்க கண்ணு முன்னாலயே..."

"நான் அதைக் கேக்கல. அவன் செத்துட்டான்னு உனக்கு யாரு சொன்னா?"

ரமோனா அவள் எதிரில் வந்து நின்றாள்.

"பொணத்தைப் பாத்தியா? எலும்பைப் பாத்தியா? சொல்லு மகளே, உனக்குத் தெரிஞ்சா எனக்கும் சொல்லு. நான் எதுக்கு வெயில்ல கிடந்து மண்ணைக் கிளறிக்கிட்டிருக்கேன்?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்..."

"தெரியாதில்ல? எனக்கும் தெரியாது. தெரியாத வரைக்கும் என் புள்ளை மூச்சு என்கிட்ட இருக்கு. கம்பியைக் குத்தறீங்களே, செத்துட்டான்னு நெனச்சுத்தானே குத்தறீங்கன்னு நீ கேக்கலாம். ஒவ்வொரு தடவை குத்தறப்பவும் கீழே ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுத்தான்டி குத்தறேன்! செத்துட்டான்னு ஒத்துக்கோ, உதவித்தொகை தரோம்னு எத்தனை பேர் வந்து நின்னான் தெரியுமா? ஒருத்தனையும் நான் வாசப்படி ஏத்தல. உன்னை ஏத்தினேன். உன்னைத்தான் ஏத்தினேன்." அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "கோட்டுப் போட்டவன் பொய் சொன்னான். நீ தீர்ப்பே சொல்லிட்ட. எரியற கொள்ளியில எந்தக் கொள்ளிடி நல்ல கொள்ளி?"

அவள் வெளியே நடந்தாள். மற்ற அம்மாக்களும் நாற்காலி நகர்த்தும் சத்தம்கூட அதிகம் இல்லாமல் பின்னாலேயே போனார்கள்.

அம்பாரோவுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோபப்பட ஆள் கிடைக்கவில்லை. இருந்தது ஒரே ஆள், அது அவளேதான். இத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்களோடு மண்ணில் புரண்டிருக்கிறாள். அவர்கள் பேசும்போது "இருந்தான்" என்று ஒருநாளும் சொன்னதில்லை, "இருக்கான்" என்றுதான் சொல்வார்கள். எஃப்ராயினுக்கு எண்ணெய்ப் பலகாரம் பிடிக்கும், எஃப்ராயின் சூப்பை உறிஞ்சிக் குடிப்பான். காதில் விழுந்தது எல்லாம். விழுந்தும், ஒரு கோட்டுக்காரனுக்கு எதிராகத் தன் கைவரிசையைக் காட்டுகிற வெறியில், அந்த அம்மாவின் பிள்ளையைக் கொன்று அவள் முன்னாலேயே உட்கார வைத்துவிட்டாள். மூச்சு போடத் தெரிந்தவளால் மட்டுமே செய்ய முடிகிற தப்பு இது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானால்கூடப் பரவாயில்லை, குரங்குக்கு உயிராவது இருக்கும்.

மறுநாள் காலை அவள் நேராகச் செர்வேராவின் அறைக்குள் போனாள்.

"சார், அன்னிக்கு அழுதீங்களே, அது பொணத்தைப் பாத்து."

விஷயத்தை உடைத்தாள். அவர் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தார். இந்தத் தடவை பார்க்கத் தெரிந்தது. முகம் வெளுத்தது, கைக்குட்டை வெளியே வரவில்லை.

"என் படத்துல பொணத்தை உக்கார வச்சிருக்கியா?" மரியாதை எல்லாம் காற்றில் போய்விட்டது. "உடனே மூச்சு போடு. மறுபடி எடு."

"எடுக்கறேன். பையன் இல்லாம. பழையபடி, அம்மா மட்டும்."

"பையன் இருப்பான், மூச்சும் விடுவான். நீ போடலேன்னா போட ஆயிரம் பேர் இருக்கான்."

"போடட்டும்" என்றாள் அம்பாரோ. வெளியே வந்தாள். அலமாரியில் கொக்கியில் மாட்டியிருந்த சேமாவை எடுத்து ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டு, காவலாளிக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள். சேமா ஒருவன்தான் இருந்தான். புதிதாக ஒன்று செய்ய வாரக்கணக்கில் ஆகும். படத்தைக் கொடுக்கவேண்டிய தேதியோ கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

ரமோனா வீட்டு இரும்புக் கேட்டைத் தட்டினாள். ரமோனா வந்தாள், திறக்கவில்லை.

"என்ன, இன்னும் யாரையாவது கொல்லணுமா?"

அது சரியாகப் போய்த் தைத்தது. தைக்கட்டும் என்று நின்றாள் அம்பாரோ. ஸ்வெட்டருக்குள்ளிருந்து பொம்மையை எடுத்தாள். "இவன் என்கிட்டயும் இருக்கக் கூடாதும்மா, அவங்ககிட்டயும் இருக்கக் கூடாது. நீங்க வச்சுக்குங்க. இவன் இல்லாம அவங்களால எதுவும் எடுக்க முடியாது."

ரமோனா கேட் கம்பிக்கு நடுவில் கையை விட்டு வாங்கினாள். காலரை நிமிர்த்திவிட்டாள். "சட்டையைக்கூடத் துவைக்கமாட்டீங்களாடி?" என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள். உட்காரச் சொல்லவில்லை.

அடுத்த நாள் நாச்சோ போன் பண்ணி மூச்சிரைக்கச் சொன்னான்: "பொம்மை திருடு போச்சுன்னு செர்வேரா போலீஸ்ல சொல்லிட்டான். அது ரமோனாகிட்டதான் இருக்கும்னு அவனே ஊகிச்சுட்டான். வண்டி அந்தம்மா வீட்டுக்குத்தான் போயிட்டிருக்கு." அம்பாரோ டாக்சி பிடித்துப் பறந்தாள். அவள் போய் இறங்கும்போது போலீஸ் வண்டி ஏற்கெனவே கேட்டுக்கு முன்னால் நின்றது. இரண்டு போலீஸ்காரர்கள், ஒருவர் வயசானவர், ஒருவன் இளவட்டம். தெருவே வாசலுக்கு வந்திருந்தது. எதிர்வீட்டுப் பெண் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ரமோனா கேட்டுக்கு உள்ளே, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"திருட்டுப் போன பொருள் ஒண்ணு இங்க இருக்கறதா புகார்மா" என்றார் வயசானவர்.

"என்ன பொருள்?"

"பொம்மை. பையன் பொம்மை. நீலச் சட்டை, கறுப்பு முடி, இடது புருவத்துல தழும்பு."

"அடேயப்பா, இவ்வளவு விவரமா? போட்டோ இருக்கா?"

"இருக்கும்மா" என்று இளையவன் ஆர்வமாக நீட்டினான். "நாலு பக்கத்துலேந்தும் எடுத்தது இருக்கு."

ரமோனா அதை வாங்கி நிதானமாகப் பார்த்தாள். "எப்பக் காணாமப் போனான்?"

"நேத்துக் காலைல."

"நேத்துத்தானே? எதுக்குத் தம்பி இந்த அவசரம்? மூணு நாள் பொறுங்க. வயசுப் பையன். எவளையாவது கூட்டிக்கிட்டுக் கடற்கரைக்குப் போயிருப்பான், காசு தீந்தாத் தானே வருவான். அவன் சகவாசம் எப்படி? கெட்ட பசங்களோட ஏதாவது சுத்திக்கிட்டிருந்தானா? இல்ல, ஒண்ணுமில்லாமலா காணாமப் போவான்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

எஃப்ராயின் வராமற்போன மறுநாள், ஸ்டேஷன் மேஜைக்கு எதிரில் அழுதுகொண்டு நின்ற அவளிடம் போலீஸ்காரர்கள் சொன்னவை இவை. அன்றைக்கு அவளுக்குச் சொன்னதை ஒரு சொல் குறையாமல் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தெருவில் பாதிப் பேருக்கு அது தெரியும், அவர்களுக்கும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். வயசான போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். இளையவன் தன் பூட்சைப் பார்த்தான்.

"என் புள்ளையைத் தேடி மூணு வருஷமா இந்தத் தெருவுக்கு ஒரு சைக்கிள்கூட வரல!" இப்போது ரமோனா கத்தினாள். கேட் கம்பி அதிர்ந்தது. "ரப்பர் பொம்மைக்கு மறுநாளே வண்டி வருதா? போட்டோ எடுத்து, தழும்பு எழுதி, ரெண்டு ஆள் வருதா? போய் அந்தக் கோட்டுக்காரன்கிட்டச் சொல்லு. என் புள்ளையைக் கொண்டாந்து இந்த வாசல்ல நிறுத்தச் சொல்லு. அவன் பொம்மையைத் துவைச்சு, இஸ்திரி போட்டு, நானே தூக்கிட்டு வந்து தரேன்!"

யாரோ கைதட்டினார்கள். பிறகு தெரு முழுக்கத் தட்டியது. வண்டி பின்பக்கமாகவே முனைவரை போய்த் திரும்பியது.

ரமோனா மூச்சு வாங்கிக்கொண்டு அம்பாரோவைப் பார்த்தாள். "நீ ஏன்டி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கறே? போய் அந்தப் படத்தை ஒழுங்கா முடி. பையனும் வேணாம், பொணமும் வேணாம். தெரியாதுன்னா தெரியாதுன்னு எடு."

எதிர்வீட்டுப் பெண் போனில் எடுத்த வீடியோ அன்று சாயங்காலத்துக்குள் ஊர் பூரா ஓடியது. செர்வேரா புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார், அப்படி ஒரு புகாரே கொடுக்கவில்லை என்று பேட்டியும் கொடுத்தார். அம்பாரோ அம்மாவை மட்டும் வைத்து, இரண்டு கிண்ணத்தோடு, திறந்த கதவோடு, கடைசிக் காட்சியை எடுத்து முடித்தாள். தேதியும் ஊர்வாயும் செர்வேராவை நெருக்க, படம் அப்படியேதான் வெளியே போனது. அதோடு அந்தக் கம்பெனி வாசலும் அவளுக்கு மூடிவிட்டது. இப்போது ஒரு சீஸ் விளம்பரத்தில் எலிக்கு மீசை துடிக்க வைத்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பொட்டல்காட்டில் கம்பி பிடிக்கிறாள். ரமோனா அவளோடு பேசுகிறாள், ஆனால் பழைய மாதிரி இல்லை. அம்பாரோவும் அதைக் கேட்டு வாங்குவதில்லை.

சேமா ரமோனா வீட்டில் இருக்கிறான். அவனைக் கேட்டு அந்தத் தெருவுக்கு அப்புறம் யாரும் வரவில்லை. எஃப்ராயினைப் பற்றிச் சொல்லவும் யாரும் வரவில்லை.